ஏழைகளின் பாதம் கழுவிய மன்னர்

பிரான்ஸ் தேசத்து அரசராகிய புனித 9ஆம் லூயி 1214ஆம் ஆண்டு புவாசி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தை இறக்கவே, 1226இல், 12 வயதிலேயே றீம்ஸ் பேராலயத்தில் முடிசூட்டப்பட்டார். எனினும் அவர் பெரிதாக எண்ணியது அம்முடியையன்று. புவாசியிற் பெற்ற ஞானஸ்நானத்தையே. புவாசி லூயி என்று ஒப்பமிடவும் விரும்பினாராம். மண்ணரசு மரணத்தோடு முடியும். தேவ அருளால் வந்த பிள்ளையுரிமை முடியாது என்பது அவர் எண்ணம்.

இப்படி எண்ணியவருக்குக் குனிவது கடினமாயிருக்கவில்லை. ஏழைகளின் பாதங்களை மண்டியிட்டுக் கழுவுவார். ஒருமுறை தம் நண்பர் ஜுவான்வில் பிரபுவிடம், பெரிய வியாழனன்று ஏழைகளின் கால்களைக் கழுவுவதுண்டோ என வினவினார். அந்தக் கீழோரின் கால்களைத் தாம் ஒருபோதும் கழுவப்போவதில்லை என்றார் பிரபு. ஆண்டவரே நமக்கு மாதிரியாகச் செய்ததை இகழலாகாதென மன்னர் கடிந்துகொண்டார். இதை மறைக்காமல் எழுதிவைத்தவர் அந்தப் பிரபுவேதான். அவருடைய நேர்மையையும் மெச்சத்தான் வேண்டும்.

பாரிசில் 300 பார்வையற்றோருக்கு மன்னர் இல்லம் அமைத்தார். தொழுநோயுற்ற துறவி ஒருவருக்குத் தம் கையாலேயே உணவூட்டினார். ஆயினும், 1242 அளவில் யூதரின் தல்மூத் ஏடுகள் பாரிசில் வண்டி வண்டியாக எரிக்கப்பட்டதும் இவருடைய ஆட்சியிலேதான். அருள்பெற்றவரும் தம் காலத்துக் குருட்டுத்தனத்துக்கு முற்றாகத் தப்பவில்லை.

சிலுவைப்போர்ப் பயணத்தில் நோயுற்று, 1270 ஓகஸ்ட் 25இல் தூனிஸ் அருகே, சாம்பல் பரப்பிய படுக்கையில் உயிர்நீத்தார். 1297இல் பாப்பரசர் 8ஆம் பொனிப்பாஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அதற்கான விசாரணையிற் சாட்சி சொன்னவர்களுள், கால் கழுவ மறுத்த ஜுவான்வில்லும் ஒருவர்.