70 ரூபாய் ரேடியோ, 2 ஆயிரம் ரூபாய் கார்... ஜி.டி.நாயுடுவின் கண்டுபிடிப்புகளுக்கு என்ன ஆச்சு?

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேர்னு தெரியும் இந்த உப்பளங்கள் 3 ஆயிரம் ஏக்கருக்கும் மேல் விரிந்து கிடக்கின்றன. பாத்திக்கு உப்புத் தண்ணி ஏறணும்னா மோட்டார் ஓடணும். மோட்டார் நின்றால் அன்றைய வேலையும் நின்றுவிடும்.

இந்த மோட்டாரை இந்தியாவிலேயே செய்ய முடியும் என்று 1937-லேயே காட்டிய இடம் கோயம்புத்தூர் பீளமேடு. காட்டியவர்களில் ஒருவர், பள்ளிப் படிப்பை பாதியிலேயே விட்ட ஜி.டி.நாயுடு.

யார் இந்த நாயுடு?

கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893 மார்ச் 23 அன்று கோவை அருகே கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது.

ஊர்ப்பக்கம் வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிள்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. அதை வாங்கியே தீருவது என்று கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்தார், காசு சேர்த்தார், வண்டியை வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை, அதை முழுசாகக் கழற்றிப் போட்டு மறுபடி மாட்டியது! அவருடைய இன்ஜினீயரிங் படிப்பு அங்கேதான் ஆரம்பம்.

நடுவில் பருத்தி வியாபாரத்தில் இறங்கி நஷ்டப்பட்டார். 1920-ல் ஸ்டேன்ஸ் நிறுவனத்திடம் கடனில் ஒரு பஸ் எடுத்து பொள்ளாச்சி - பழனி இடையே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ், யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

மோட்டார் வந்த கதை

1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்தில் இருந்து கோவைக்கு மின்சாரம் வந்தது. கரண்ட் வந்தாச்சு, ஆனா மோட்டார்? வெளிநாட்டில் இருந்துதான் வரணும். கோவை வட்டாரத்திலோ ஆழக் கிணறுகள். மாடு பூட்டி கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள்.

இந்த நிலையில்தான் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் ஜி.டி.நாயுடு நடத்திய தொழிற்சாலையில் 1937-ல் மின் மோட்டார் தயாரானது. இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டாராக இது குறிப்பிடப்படுகிறது. பின்னாளில் பாலசுந்தரம் டெக்ஸ்டூல் நிறுவனத்தை உருவாக்கினார். கோவை, பம்ப்செட் நகரமாக மாறியது.

ஷேவிங் ரேசர் முதல் ஓட்டு மெஷின் வரை

நாயுடுவின் பட்டியல் நீளமானது. பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் வைத்த ரசன்ட் ரேசர், ரொம்ப மெல்லிசான ஷேவிங் பிளேடு, சினிமா கேமராவுக்கு தூரத்தைச் சரிசெய்யும் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், முறைகேடு செய்ய முடியாதபடி ஓட்டைப் பதிவுசெய்யும் இயந்திரம்.

இந்தியத் தேர்தலில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலில் பயன்பட்டது 1982-ல், கேரளாவின் பரவூர் தொகுதியில். அதற்கு 8 ஆண்டுகள் முன்பே நாயுடு காலமாகிவிட்டார். இரண்டும் வேறு வேறு இயந்திரங்கள்தான். ஆனா ஓட்டை எண்ணும் வேலையை மெஷினிடம் கொடுக்கலாம் என்ற யோசனை அவருக்கு எப்போதோ வந்துவிட்டது.

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால் தயாரிக்க முடியும் என்று அறிவித்தார். வால்வு என்பது பல்பு மாதிரி சூடாகி எரியும் கண்ணாடிக் குழாய். டிரான்சிஸ்டர் பிறந்தது 1947-ல்தான். அதுவரை சிக்னலைப் பிடிப்பது முதல் ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுப்பது வரை எல்லாமே வால்வு வேலை. ரேடியோவில் விலை உயர்ந்த பாகமும் அதுதான்.

1952-ல் பெட்ரோலில் ஓடும் 2 சீட் கார். விலை 2 ஆயிரம் ரூபாய்!

அப்புறம் ஏன் அது ரோட்டுக்கு வரல?

காரணம், லைசென்ஸ். 1951-ல் வந்த தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 1952 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. பட்டியலிடப்பட்ட தொழில்களில் என்ன தயாரிக்கலாம், எவ்வளவு தயாரிக்கலாம் என்பதற்கு மத்திய அரசின் அனுமதி தேவைப்பட்டது. நாயுடுவின் காருக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை. தயாரிப்பு நின்றது.

காப்புரிமை வேற, லைசென்ஸ் வேற

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. காப்புரிமை என்பது, நம்ம கண்டுபிடிப்பை நம்ம அனுமதி இல்லாமல் மற்றவர்கள் செய்யக் கூடாது என்று தடுக்கும் உரிமை. நாமே அதைத் தயாரித்து விற்கலாம் என்பதற்கான அனுமதிச் சீட்டு இல்லை அது. ஒரு நாட்டில் வாங்கினால் அந்த நாட்டில் மட்டும்தான் செல்லும். காலமும் குறிப்பிட்ட ஆண்டுகள்தான். நாயுடு வாழ்ந்த காலத்தின் பெரும்பகுதியில் இருந்தது 1911-ம் ஆண்டின் ஆங்கிலேயர் சட்டம். இப்போதைய சட்டத்தில் விண்ணப்பித்த நாளில் இருந்து 20 ஆண்டுகள்.

அதாவது, புதுசா ஒன்றைக் கண்டுபிடித்து, காப்புரிமையும் வாங்கி, விலையையும் குறைத்துவிட்டாலும், அந்தக் காலத்தில் லைசென்ஸ் இல்லாமல் ஃபேக்டரி ஓடாது.

உப்பளக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. கண் முன்னாடி கடல், தலைக்கு மேல வெயில், கையில தொழில். அப்படியிருந்தும் ஆங்கிலேயர் காலத்தில் லைசென்ஸும் வரியும் இல்லாமல் உப்பு எடுக்க முடியாது. 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியில் இருந்து வேதாரண்யம் வரை நடந்தது அதை எதிர்த்துத்தான்.

நாயுடு விட்டுச் சென்றது

காரும் 70 ரூபாய் ரேடியோவும் வீடு வீடாகப் போய்ச் சேரவில்லை. ஆனா தொழில் கற்றவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். 1945-ல் அவரது முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிலையம் உருவானது. 4 ஆண்டுப் படிப்பு தேவையில்லை, 2 ஆண்டே போதும் என்பது நாயுடுவின் கட்சி. அரசு ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

1974 ஜனவரி 4 அன்று, தன் 80-வது வயதில் நாயுடு காலமானார். அவருடைய கண்டுபிடிப்புகளில் சிலவற்றை இன்றும் கோவை அவினாசி சாலையில் உள்ள ஜி.டி.நாயுடு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

கார் அனுமதிக்குக் காத்திருந்து நின்றுபோனது. மோட்டார் நிற்கவில்லை. நாயுடு போன்றவர்கள் தொடங்கி வைத்த தொழிலைக் கோவையின் பட்டறைகள் கையில் எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் கிணற்றடியிலோ உப்பளத்திலோ ஸ்விட்ச் போட்டதும் தண்ணி ஏறுவது இன்று சாதாரண விஷயம். 1937-க்கு முன்னாடி அந்த மோட்டார், கப்பலில் வந்து இறங்கணும்.