கணக்கை ஒப்படைத்துச் சென்ற கலீபா

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் சிலர், அதே வட்டாரத்திலுள்ள தளவானூருக்கும் போய் வருவார்கள். அங்கே ஒரு பாறைக் குன்றைக் குடைந்து பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மர் அமைத்த குகைக்கோயில் ஒன்று இருக்கிறது. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது அது. மன்னருக்குச் சத்துருமல்லன் என்றொரு பட்டப்பெயர் உண்டு. அந்தப் பட்டப்பெயரையே கோயிலுக்கும் சூட்டிக் கல்லிலே பொறித்து வைத்தார்கள். 1400 ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த எழுத்து நின்று, மன்னரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நம் பகுதியில் கல்தச்சர்களின் உளி பாறையைக் குடைந்துகொண்டிருந்த அதே காலப் பகுதியில், அரபு நாட்டிலும் இரண்டு குகைகள் வரலாற்றிலே இடம் பெற்றன. ஒன்று, கி.பி. 610இல் முதல் வஹீ இறங்கிய ஹிராக் குகை. மற்றொன்று, கி.பி. 622இல் ஹிஜ்ரத்தின்போது இருவர் மூன்று இரவுகள் மறைந்திருந்த தவ்ருக் குகை. அந்த இருவரில் ஒருவர் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள். மற்றவர் ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள். குகையில் இருந்த அந்த இருவரைப் பற்றித் திருக்குர்ஆனின் தவ்பா அத்தியாயம் பேசுகிறது. இதைவிடப் பெரிய கண்ணியம் ஒரு தோழருக்கு வேறென்ன வேண்டும்?

குகையிலே துணையிருந்த அந்தத் தோழர் பத்தாண்டுகளுக்குப் பின் அரபு நாட்டின் ஆட்சித் தலைவரானார்கள். அவர்கள் தம் பெயரால் கோட்டை கட்டவில்லை, மாளிகை எழுப்பவில்லை. ஆனால் ஒரு கணக்கை விட்டுச் சென்றார்கள். அந்தக் கணக்கு எத்தகையது என்பதை நம் வீடுகளில் பெரியவர்களும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அன்னாரின் வாழ்வை இங்கே சுருக்கமாகக் கூறுகிறோம்.

குறைஷிக் குலத்தின் தைம் கிளையிலே, அபூ குஹாஃபா என்று அழைக்கப்பட்ட உதுமானின் மகனாக, கி.பி. 573ஐ ஒட்டி மக்காவில் பிறந்தார்கள். அப்துல்லாஹ் என்பது இயற்பெயர். தாயார் பெயர் ஸல்மா. உம்முல் கைர் என்றும் அழைப்பார்கள். நாயகம் (ஸல்) அவர்களைவிடச் சுமார் இரண்டு வயது இளையவர்கள். துணி வியாபாரம் அவர்களது தொழில். வாக்கு நாணயமும் மென்மையான சுபாவமும் உடையவர்கள். அரபிகளின் வம்ச வரலாற்றை நன்கு அறிந்தவர்கள். ஆகவே ஊரார் நம்பிப் பழகும் மனிதராக விளங்கினார்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் தீனின் பக்கம் அழைத்தபோது, தயக்கம் சிறிதுமின்றி ஈமான் கொண்டார்கள். அடிமையல்லாத ஆண்களில் முதன்முதலாக இஸ்லாத்தை ஏற்றவர் அவர்களே என்பது அறிஞர் பலரின் முடிவு. தாம் பெற்ற செல்வத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளவும் இல்லை. உதுமான், ஜுபைர், தல்ஹா, ஸஅத், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஆகிய பெருமக்கள் அவர்களின் முயற்சியாலேயே நாயகத்தின் சமுகம் வந்தார்கள். மிஃராஜ் நிகழ்ச்சியைக் கேட்டு மக்கா நகைத்தபோது, அதைச் சொன்னவர் நாயகமாக இருந்தால் அது உண்மையே என்று ஒப்புக்கொண்டவர்கள் அவர்கள். சித்தீக் என்ற பட்டம் அவ்வாறுதான் நிலைத்தது.

இஸ்லாத்தைத் தழுவிய நாளில் அவர்களிடம் 40,000 திர்ஹம் இருந்தது. மதீனாவுக்குப் புறப்பட்ட நாளில் எஞ்சியிருந்தது 5,000 என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். இடைப்பட்ட 13 ஆண்டுகளில் அந்தப் பணம் போன வழி என்ன? எஜமானர்களால் சுடுமணலில் கிடத்தி வதைக்கப்பட்ட பிலால் (ரலி) அவர்களை விலைகொடுத்து வாங்கி விடுதலை செய்தார்கள். ஆமிர் பின் ஃபுஹைரா, ஸின்னீரா, நஹ்திய்யா, அவருடைய மகள் என்று இன்னும் பலரை மீட்டார்கள். மகன் பலவீனர்களையும் பெண்களையும் விடுவிப்பதைக் கண்ட தந்தை, வலிமையான ஆடவர்களை விடுவித்தால் ஆபத்து வேளையில் பாதுகாப்பாக நிற்பார்களே என்று கேட்டார். அல்லாஹ்வின் திருப்தி ஒன்றே தம் நோக்கம் என்று மகன் பதிலிறுத்தார்கள். கைம்மாறு கருதிக் கொடுப்பது வியாபாரம். அது தர்மமாகாது என்பதை வியாபாரியான அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஹிஜ்ரத்துப் பயணத்தில் அந்தக் குடும்பம் முழுவதுமே தொண்டில் இறங்கியது. மகன் அப்துல்லாஹ் பகலெல்லாம் மக்காவில் திரிந்து, குறைஷிகளின் திட்டங்களை இரவிலே குகைக்கு வந்து தெரிவித்தார். விடுதலை பெற்ற ஆமிர் ஆடுகளை மேய்த்து வந்து பால் கொடுத்தார். காலடித் தடங்களும் அழிந்தன. மகளார் அஸ்மா (ரலி) அவர்கள் கட்டுச்சோற்றைக் கட்டக் கயிறில்லாமல் தம் இடுப்புக் கச்சையையே இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். மீதமிருந்த பணம் முழுவதையும் தந்தையார் பயணத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். கண்பார்வை இழந்திருந்த பாட்டனார், பிள்ளைகளைத் தவிக்கவிட்டுச் சென்றுவிட்டாரோ என்று வருந்தினார். அஸ்மா (ரலி) அவர்கள் பணம் வைக்கும் மாடத்தில் கற்களை வைத்து, மேலே துணியைப் போர்த்தி, பாட்டனாரின் கையைப் பிடித்துத் தடவச் செய்தார்கள். கிழவர் மனம் ஆறினார். வறுமையை வாயால் சொல்லிக் காட்டாத பெண்மக்களை வளர்த்த வீடு அது.

மதீனாவிலும் அதே கைதான். ஹிஜ்ரி 9இல் தபூக் போருக்கு நிதி திரட்டப்பட்டபோது, உமர் (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைக் கொண்டுவந்தார்கள். இம்முறையாவது அபூபக்கரை முந்திவிடலாம் என்பது அவர்களின் ஆசை. ஆனால் அபூபக்கர் (ரலி) அவர்களோ இருந்ததனைத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, குடும்பத்துக்கு அல்லாஹ்வையும் ரஸூலையும் விட்டு வந்திருப்பதாகத் தெரிவித்தார்கள்.

இத்தகைய வள்ளலின் மனத்திலும் ஒரு முறை கசப்பு ஏற்பட்டது. மிஸ்தஹ் என்ற ஏழை உறவினரை அவர்கள் நெடுநாள் ஆதரித்து வந்தார்கள். மகளார் ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பியபோது அந்த உறவினரும் அதைப் பேசியவர்களில் ஒருவரானார். சொந்த மகளைப் பழித்தவருக்கு இனி உதவுவதில்லை என்று அபூபக்கர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்தார்கள். எந்தத் தந்தையும் அப்படித்தான் செய்வார். ஆனால் மன்னிக்கும்படியும், உறவினருக்கு உதவுவதை நிறுத்திவிட வேண்டாமென்றும் அறிவுறுத்தும் வசனம் நூர் அத்தியாயத்தில் இறங்கியது. அல்லாஹ் தம்மை மன்னிப்பதையே தாம் விரும்புவதாகக் கூறி, நிறுத்திய உதவியை உடனே தொடர்ந்தார்கள். சொத்துத் தகராறுக்கும் கல்யாண வீட்டு வார்த்தைக்கும் உறவை அறுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் முகம் பாராமல் இருக்கிறோமே, நாம் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

ஹிஜ்ரி 11, கி.பி. 632இல் நாயகம் (ஸல்) அவர்கள் வபாத்தானார்கள். நோயுற்ற நாட்களில் தொழுகைக்கு இமாமாக நிற்கும்படி பணிக்கப்பட்டவர் அபூபக்கர் (ரலி) அவர்களே. ஸஹாபாக்கள் துயரத்தில் நிலைகுலைந்தபோது, முஹம்மது (ஸல்) அவர்கள் மரணமடைந்தார்கள், அல்லாஹ்வோ என்றும் உயிருடனிருப்பவன் என்று நினைவூட்டி உம்மத்தைத் தாங்கிப் பிடித்தவர்களும் அவர்களே. கலீபாவாகப் பொறுப்பேற்றதும், தாம் நேர்வழியில் நடந்தால் துணை நிற்கும்படியும் தவறினால் திருத்தும்படியும் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

பதவியேற்ற பின் அவர்கள் செய்த காரியம் வியப்பானது. வழக்கம்போல் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் புறப்பட்டார்கள்! வழியில் கண்ட உமர், அபூ உபைதா (ரலி) இருவரும் முஸ்லிம்களின் பொறுப்பை ஏற்றவர் வியாபாரத்துக்குப் போனால் நிர்வாகம் என்னாவது என்று தடுத்தார்கள். குடும்பம் சாப்பிட வேண்டாமா என்பதே கலீபாவின் கேள்வியாக இருந்தது. கடைசியில் முஹாஜிர்களில் நடுத்தரமான ஒருவரின் வீட்டுச் செலவுக்கு ஆகும் அளவு பொதுநிதியிலிருந்து வழங்குவதென்று முடிவாயிற்று. அதற்கு முன் அக்கம்பக்கத்தாரின் ஆடுகளுக்கு அவர்கள் பால் கறந்து கொடுப்பது வழக்கம். கலீபாவானபின் இனி யார் கறந்து தருவார் என்று ஒரு சிறுமி கவலைப்பட்டாள். அந்தப் பணியையும் அவர்கள் விடவில்லை.

இத்தனை மென்மையானவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் பாறையாக நின்றார்கள். நாயகத்தின் மறைவுக்குப் பின் சில கோத்திரத்தார் தொழுவோம், ஆனால் ஜகாத் தரமாட்டோம் என்றார்கள். கலிமா சொன்னவர்களுடன் போரிடலாமா என்று உமர் (ரலி) அவர்களே தயங்கினார்கள். தொழுகையையும் ஜகாத்தையும் பிரித்துப் பார்ப்பதற்கில்லை. நாயகத்திடம் கொடுத்து வந்ததில் ஓர் ஆட்டுக்குட்டி குறைந்தாலும் விடுவதற்கில்லை என்பது கலீபாவின் உறுதி. தமக்குரியதை எண்ணிப் பாராமல் வாரிக் கொடுத்தவர்கள், ஏழைகளுக்குரியதில் ஓர் ஆட்டுக்குட்டியையும் விட்டுக் கொடுக்கவில்லை. முந்தியது அவர்களது சொத்து, பிந்தியது அமானிதம். இந்த வேற்றுமையை உணர்ந்தால் அன்னாரின் வாழ்வு முழுவதும் நமக்கு விளங்கிவிடும்.

யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதானார்கள். உமர் (ரலி) அவர்களின் யோசனையின்பேரில், ஜைத் பின் தாபித் (ரலி) அவர்களைக் கொண்டு குர்ஆன் முழுவதையும் ஓரிடத்தில் எழுத்தாகத் திரட்டச் செய்ததும் இவர்கள் ஆட்சியில்தான். இன்று நாம் ஓதும் ஒவ்வொரு வேளையும் அந்தப் பெருந்தொண்டுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஹலாலில் அவர்கள் காட்டிய பேணுதலுக்கு ஒரு நிகழ்ச்சி போதும். அவர்களிடம் ஓர் அடிமை இருந்தார். தம் சம்பாத்தியத்தில் ஒரு பங்கை எஜமானருக்குக் கொண்டுவந்து தருவார். ஒரு நாள் அவர் தந்த உணவை அவர்கள் உண்டுவிட்டார்கள். பிறகுதான், அறியாமைக் காலத்தில் குறி சொல்வதாக ஒருவரை ஏமாற்றியதற்குக் கிடைத்த கூலி அது என்று தெரியவந்தது. உடனே விரலை வாயிலிட்டு, உண்டது அனைத்தையும் வாந்தியெடுத்துவிட்டார்கள். அறியாமல் உண்டதற்கே அந்தப் பாடு! அறிந்தே வட்டியையும் வரதட்சணையையும் வீட்டுக்குள் விடுகிறவர்கள் இதை நினைக்க வேண்டும்.

ஹிஜ்ரி 13இல் காய்ச்சல் கண்டு சுமார் 15 நாட்கள் படுக்கையில் இருந்தார்கள். முக்கிய ஸஹாபாக்களைக் கலந்து உமர் (ரலி) அவர்களைத் தமக்குப் பின் கலீபாவாக நியமித்தார்கள். பிறகு மகளார் ஆயிஷா (ரலி) அவர்களை அழைத்து, தாம் பொறுப்பேற்ற நாளுக்குப் பின் தம் உடைமையில் கூடியது எதுவோ அதைக் கணக்குப் பார்த்து அடுத்த கலீபாவிடம் சேர்த்துவிடும்படி ஒப்படைத்தார்கள். பார்த்தபோது தேறியது ஓர் அடிமை, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் ஓர் ஒட்டகம், ஒரு பழைய போர்வை. அவ்வளவுதான்! அவை வந்து சேர்ந்தபோது உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள். தமக்குப் பின் வருகிறவர்களுக்கு அபூபக்கர் பெரும் சிரமத்தை வைத்துப் போய்விட்டார் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

கபனுக்கும் புதுத்துணி வேண்டாமென்றார்கள். உடுத்தியிருந்த பழைய ஆடையைத் துவைத்து, அத்துடன் இரண்டு துணிகளைச் சேர்த்துக்கொள்ளும்படி சொன்னார்கள். மகளார் தயங்கியபோது, புதியது மரித்தவரைவிட உயிரோடிருப்பவருக்கே அதிகம் தேவை என்று விளக்கினார்கள். ஜமாதுல் ஆகிர் 22, கி.பி. 634 ஆகஸ்டு மாதம், தம் 63ஆம் வயதில் வபாத்தானார்கள். மனைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் குளிப்பாட்டினார்கள். விடிவதற்குள் நாயகத்தின் அருகிலேயே நல்லடக்கம் நடந்தது. குகையில் துணையிருந்தவர் கப்ரிலும் துணையானார்கள். ஆட்சி புரிந்த காலம் இரண்டேகால் ஆண்டுதான்.

சகோதர, சகோதரிகளே! நம்மில் யாரும் கலீபா அல்ல. ஆயினும் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அமானிதம் இருக்கிறது. பள்ளிவாசல் நிதியை வைத்திருக்கிறவர் இருக்கிறார். மதரஸாவுக்கு வசூல் செய்கிறவர் இருக்கிறார். அனாதைப் பிள்ளையின் சொத்தைப் பராமரிக்கிறவர் இருக்கிறார். கணவன் தரும் பணத்தில் குடும்பம் நடத்துகிற தாய்மார் இருக்கிறார்கள். ஜமாஅத்துப் பணத்தைச் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனிப் பையில் வையுங்கள். வரவையும் செலவையும் அன்றன்றே எழுதுங்கள். அவசரத்துக்கு எடுத்துப் பிறகு வைத்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு இடங்கொடாதீர்கள். ஜகாத்தை உத்தேசமாகக் கொடுக்காமல், பணத்துக்கும் வியாபாரச் சரக்குக்கும் உட்கார்ந்து கணக்கிட்டு நாற்பதில் ஒரு பங்கைக் கொடுங்கள். நாம் கண்மூடினால் யாருக்கு என்ன பாக்கி என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லிலே வெட்டிய பெயரும் ஒரு நாள் தேய்ந்துபோகும். அடிமை, ஒட்டகம், பழைய போர்வை என்ற அந்தச் சின்னஞ்சிறு பட்டியலோ உம்மத்தின் நெஞ்சைவிட்டு இன்னும் அகலவில்லை. நாளை மஹ்ஷரில் நம் கணக்கும் இலேசாக அமைய, அந்த உத்தமரின் வழியில் நடக்கும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.