லண்டனின் நிலத்தடியைக் கட்டிய பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட்

ஒரு பொதுத் திட்டம் அடிக்கல் நாட்டும் நாளில் தொடங்கித் திறப்பு விழா நாளில் முடிவதாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் நிதி திரட்டுவது முதல் பல பத்தாண்டுகளுக்குப் பராமரிப்பதுவரை அதன் ஆயுள் நீள்கிறது என்பதற்கு, 19ஆம் நூற்றாண்டில் லண்டன் மாநகரின் கழிவுநீர் அமைப்பை உருவாக்கிய சர் ஜோசப் பேசல்ஜெட்டின் வாழ்க்கை ஒரு சான்று.

பேசல்ஜெட் 1819ஆம் ஆண்டு லண்டனுக்கு வடக்கே உள்ள என்ஃபீல்டில் பிறந்தார். அவரது பாட்டனார் பிரான்ஸிலிருந்து குடியேறியவர். தந்தை பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. இளமையில் நில வடிகால் பணிகளில் பயிற்சி பெற்ற அவர், பின்னர் ரயில் பாதைத் திட்டங்களில் கடுமையாக உழைத்து உடல்நலம் குன்றினார். தேறி வந்தபின், 1849ஆம் ஆண்டு லண்டன் கழிவுநீர் ஆணையத்தில் துணை அளவையாளராகச் சேர்ந்தார்.

தேம்ஸ் நதியின் அவலம்

அக்காலத்தில் வீடுகளின் மலக்குழிகளை மூடிவிட்டுக் கழிவைச் சாக்கடைகளில் விடும் முறை பரவியிருந்தது. சாக்கடைகள் தேம்ஸ் நதியில் கலந்தன. அந்த நதியிலிருந்தே மக்களில் பலருக்குக் குடிநீரும் வந்தது. 1848-49ஆம் ஆண்டுகளில் பரவிய காலரா, லண்டனில் 14 ஆயிரத்துக்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. 1853-54ஆம் ஆண்டுகளில் அது மீண்டும் வந்து 10 ஆயிரத்துக்கும் அதிகமானோரைக் கொன்றது. காலரா நீரின் வழியே பரவுகிறது என்று மருத்துவர் ஜான் ஸ்னோ வாதிட்டபோதிலும், கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்பதே பெரும்பாலான அதிகாரிகளின் நம்பிக்கையாக இருந்தது. பேசல்ஜெட்டின் நம்பிக்கையும் அதுவே.

நூற்றுக்கும் மேற்பட்ட தீர்வுகள் முன்வைக்கப்பட்டன. ஆணையங்கள் அடுத்தடுத்து அமைக்கப்பட்டுக் கலைக்கப்பட்டன. எந்த ஆணையத்திடமும் போதிய பணமோ அதிகாரமோ இருக்கவில்லை. 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநகரப் பணிகள் வாரியம் உருவாக, மறு ஆண்டு அதன் தலைமைப் பொறியாளராக பேசல்ஜெட் நியமிக்கப்பட்டார்.

அவரது திட்டம் எளிய கருத்தை அடிப்படையாகக் கொண்டது. வடக்கிலும் தெற்கிலும் நதியை நோக்கிப் பாயும் சாக்கடைகளை, கிழக்கு நோக்கிச் செல்லும் பெரிய கால்வாய்கள் வழிமறிக்கும். கழிவு நகருக்குக் கிழக்கே கொண்டு செல்லப்பட்டு, கடலை நோக்கி நீர் வற்றும் வேளையில் மட்டும் நதியில் விடப்படும். ஆனால் கழிவை எந்த இடத்தில் வெளியேற்றுவது, அதனால் கூடும் செலவை யார் ஏற்பது என்பதில் வாரியத்துக்கும் அரசுக்கும் இடையே இழுபறி நீடித்தது. அரசின் ஒப்புதல் இன்றி வாரியத்தால் பணியைத் தொடங்க இயலவில்லை.

1858ஆம் ஆண்டின் கடும் கோடை இந்தத் தேக்கத்தை உடைத்தது. நதியின் துர்நாற்றம் அதன் கரையிலிருந்த நாடாளுமன்றத்தையே முடக்கும் நிலை ஏற்பட, நிதியமைச்சர் டிஸ்ரேலி கொண்டுவந்த மசோதா சில வாரங்களில் சட்டமானது. வாரியம் 30 லட்சம் பவுண்டு கடன் பெறவும், லண்டன்வாசிகள் மீதான சிறப்பு வரியின் மூலம் 40 ஆண்டுகளில் அதனை அடைக்கவும் வழி பிறந்தது. திட்டத்தைத் தடுக்கும் அதிகாரமும் அரசிடமிருந்து நீங்கியது.

தரத்தில் விட்டுக்கொடுக்காதவர்

1859ஆம் ஆண்டு பணிகள் தொடங்கின. 132 கிலோமீட்டர் நீளப் பிரதான கால்வாய்களுக்கு 30 கோடிக்கும் அதிகமான செங்கற்கள் தேவைப்பட்டன. செங்கல் விலையும் கொத்தனார் கூலியும் உயர்ந்தன. மொத்தச் செலவு 40 லட்சம் பவுண்டைக் கடந்தது.

அப்போது புதிய பொருளாக இருந்த போர்ட்லண்ட் சிமெண்டை அவர் பெருமளவில் பயன்படுத்தினார். நீரில் உறுதி பெறும் அந்த சிமெண்ட், தயாரிப்பில் சிறு பிழை நேர்ந்தாலும் பயனற்றுப் போகும். எனவே வந்து சேரும் சிமெண்டின் வலிமையைச் சோதித்து, தேறாததைத் திருப்பி அனுப்பும் முறையை அவரது துறை கடைப்பிடித்தது. ஒப்பந்தக்காரரின் சொல்லை மட்டும் நம்பாத இந்த முறை, பொதுக் கட்டுமானங்களில் தரக் கட்டுப்பாட்டுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது.

1865ஆம் ஆண்டு ஏப்ரலில், தென்கரையின் கிராஸ்னெஸ் நீரேற்று நிலையத்தை வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். விழா சிறப்பாக நடந்தது. ஆனால் திட்டம் முடிந்திருக்கவில்லை. வடகரையில், தாழ்வான கால்வாயிலிருந்து கழிவுநீரை மேலேற்ற வேண்டிய ஏபி மில்ஸ் நிலையம் கட்டுமானத்திலேயே இருந்தது. 1866ஆம் ஆண்டு காலரா திரும்பி வந்தபோது, இறந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரில் மிகப் பெரும்பாலானோர், புதிய அமைப்புடன் இன்னும் இணைக்கப்படாத கிழக்கு லண்டனின் ஏழைகள். மாசடைந்த குடிநீரே காரணம் என்பதை அம்மரணங்களின் புள்ளிவிவரங்கள் உணர்த்தின. 1868ஆம் ஆண்டு ஏபி மில்ஸ் இயங்கத் தொடங்கியது. அதற்குப்பின் லண்டன் காலராவின் பெரும் பரவலைக் கண்டதில்லை. நோய் பரவும் விதம் பற்றிய தவறான கருத்தோடு தொடங்கிய திட்டம், கழிவையும் குடிநீரையும் பிரித்ததன் மூலம் சரியான பலனைத் தந்தது.

1870ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விக்டோரியா நதிக்கரைச் சாலையும் அவரது படைப்பே. நதியிலிருந்து மீட்ட நிலத்தின் மேலே சாலையும் பூங்காக்களும், கீழே கழிவுநீர்க் கால்வாயும் சுரங்க ரயில் பாதையும் அமைந்தன. 1870களின் நடுவில் வடகரைப் பணிகள் நிறைவுற்றன. அவருக்கு சர் பட்டமும் கிடைத்தது.

இடம் மாறிய பிரச்சினை

ஆனால் கழிவு மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருந்தது. 1878ஆம் ஆண்டு செப்டம்பரில் 'பிரின்சஸ் அலிஸ்' என்ற பயணிகள் படகு, கழிவு வெளியேறும் இடத்துக்கு அருகே மற்றொரு கப்பலுடன் மோதி மூழ்கியதில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கழிவு கலந்த நீரும் உயிரிழப்பைக் கூட்டியது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பின்னர் அரச ஆணையம் ஒன்று, கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் நதியில் விடக்கூடாது என்று பரிந்துரைத்தது. 1887ஆம் ஆண்டு முதல் திடக்கழிவு பிரிக்கப்பட்டுக் கப்பல்களில் கடலுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அந்த வழக்கம் 1998ஆம் ஆண்டில்தான் நின்றது.

வாரியத்தின் இறுதி ஆண்டுகளில் அதன் அதிகாரிகள் சிலர் மீது ஊழல் புகார்கள் எழுந்தன. அவை பேசல்ஜெட்டைத் தொடவில்லை. 1889ஆம் ஆண்டு வாரியம் கலைக்கப்பட்டபோது ஓய்வு பெற்ற அவர், 1891ஆம் ஆண்டு மார்ச் மாதம் விம்பிள்டனில் காலமானார்.

அன்றைய மக்கள்தொகையைவிடக் கூடுதலானோருக்கெனவே அவர் கால்வாய்களை அமைத்தார். ஆயினும் லண்டனின் மக்கள்தொகை 80 லட்சத்தைத் தாண்டிய பின், மழைநீரும் கழிவுநீரும் ஒரே கால்வாயில் ஓடும் அந்த அமைப்பு, மழைக்காலங்களில் நிரம்பி நதியில் வழிந்தது. அதனைத் தடுக்க 25 கிலோமீட்டர் நீளமுள்ள தேம்ஸ் டைட்வே சுரங்கம் அமைக்கப்பட்டு, 2025ஆம் ஆண்டு முழுமையாக இணைக்கப்பட்டது. பேசல்ஜெட்டின் கால்வாய்கள் அகற்றப்படவில்லை. வழிந்து வரும் நீரைப் புதிய சுரங்கம் ஏற்றுக்கொள்ள, அவை இன்றும் லண்டனின் கழிவுநீரைச் சுமந்துகொண்டிருக்கின்றன.