கம்பி இல்லாமல் மணி அடித்தவர்



2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிற எங்க அத்தைக்கு இரண்டு நாள் போனே கிடைக்கவில்லை. அப்பா சோறுகூடச் சாப்பிடலை. மூன்றாம் நாள்தான் அத்தை பேசினாங்க. டவர் போனால் வேறு வழியே இல்லையா என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவங்க ஜெகதீஷ் சந்திர போஸ் கதையைச் சொன்னாங்க.

போஸ் 1858 நவம்பர் 30-ல் வங்காளத்தில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. ஆனாலும் மகனைத் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். மீனவர் மகனும் வேலைக்காரர் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து படிச்சாங்க. நம்ம பள்ளி மாதிரியே!

இங்கிலாந்தில் படித்துவிட்டு, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். இந்தியர் என்பதால் வெள்ளைக்காரரைவிடக் குறைந்த சம்பளம். மூன்று வருடம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் முழுச் சம்பளமும் கிடைத்தது.

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் கருவியை இயக்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. நடுவில் கம்பியே கிடையாது! மின்காந்த அலைதான் சுவரைத் தாண்டிப் போனது. 1937 நவம்பர் 23-ல் மறைந்தார்.

ஹாம் ரேடியோவும் அந்த இனத்து அலையில்தான் பேசுகிறது. பேட்டரியும் ஏரியலும் இருந்தால் போதும், டவர் வேண்டாம். 2004 சுனாமியில் அந்தமானில் போன்கள் நின்றபோது, அங்கே இருந்த பாரதி பிரசாத் அம்மாவின் குழு ஹாம் ரேடியோவில்தான் செய்தி அனுப்பியது.

12 வயது ஆனாலே லைசென்ஸ் பரீட்சை எழுதலாமாம். நான் எழுதப் போகிறேன். நீங்களும் வாறீங்களா? இன்னொரு வெள்ளம் வந்தால் எங்க அப்பா பட்டினி கிடக்கக் கூடாது.