சிலையின் கையில் இல்லாத கோப்பு

நம் வட்டாரத்தில் பல ஊர்களின் முகப்பில் அண்ணல் அம்பேத்கர் சிலை நிற்கிறது. கோட்டு, மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு புத்தகம். அந்தப் புத்தகம் அரசமைப்புச் சட்டம் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். அந்தச் சிலையைத் தாண்டித்தான் விடிகாலையில் கொத்தனாரும் சித்தாளும் பழைய மகாபலிபுரம் சாலைக் கட்டடங்களுக்கு வேன் ஏறுகிறார்கள். சிறுசேரி சிப்காட்டுக்குத் துப்புரவு வேலைக்கும் காவல் வேலைக்கும் போகிறவர்களும் அவ்வழியேதான் போகிறார்கள். அரசமைப்புச் சட்டத்தை எழுதும் பணிக்கு வருவதற்கு முன்பே, 1942 முதல் 1946 வரை, இந்தியா முழுமைக்குமான தொழிலாளர் துறையை அவர் நடத்தினார் என்பது அவர்களில் பலருக்குச் சென்று சேராத செய்தி.

அம்பேத்கர் பிறந்தது 1891 ஏப்ரல் 14, மத்திய இந்தியாவின் மாவ் நகரில். அதே ஆண்டில்தான் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமன்ஹீர், இம்மாவட்டப் பறையர்களின் நிலை குறித்துத் தன் அறிக்கையை அரசுக்கு எழுதினார். மிராசுதாரரிடம் கட்டுண்டு உழைத்தவர்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்ற உண்மை அதில் இருந்தது. அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணையே பஞ்சமி நிலத்துக்கு வழி வகுத்தது. அங்கே மகாராஷ்டிரத்தில் மகர் மக்கள் வதன் என்ற முறைக்குக் கட்டுப்பட்டு, ஊர் வேலையெல்லாம் செய்து, அற்ப மானியத்துக்குக் காத்துக் கிடந்தார்கள். சாதி, உழைப்பைப் பூட்டி வைக்கும் பூட்டு என்பதை அம்பேத்கர் நூலில் படித்து அறியவில்லை, பிறப்பிலேயே கண்டார்.

கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துத் திரும்பிய பிறகும், பம்பாயில் ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பரேல் பகுதியின் ஒண்டுக்குடித்தன வீட்டில்தான் பல ஆண்டுகள் இருந்தார். ஆலைகளில் நெசவுப் பிரிவில் கூலி அதிகம். ஆனால் அறுந்த நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டும் என்பதால், தீண்டாமையைக் காட்டித் தலித் தொழிலாளரை அந்தப் பிரிவில் சேர்க்க மறுத்தார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களிடமே எழுப்பினார். அதே ஆண்டு வதன் முறையை மாற்ற மாகாண சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். வேலைநிறுத்த உரிமையை முடக்கும் பம்பாய் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, 1938 நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்.

அப்போது நம் சென்னை மாகாணத்தில் நிலைமை வேறு. இங்கே 1920இல் லேபர் கமிஷனர் பொறுப்பில் ஒரு துறை உருவானது. சேரிகளுக்கு மனைப்பட்டா, கிணறு, பள்ளி ஆகியவை அத்துறையின் முதன்மை வேலை. அதன் பள்ளிகளுக்கே லேபர் பள்ளி என்று பெயர். நம் முன்னோர் பலர் அங்கே எழுத்தறிந்தார்கள். ஆனால் பண்ணையில் உழைத்தவருக்கு இன்ன கூலி என்று வரையறுத்துச் சொல்லும் சட்டம் இல்லை. உதவி கிடைத்தது, கேட்டுப் பெறும் உரிமை கிடைக்கவில்லை.

1942 ஜூலையில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் பொறுப்பேற்றார். இன்றைய ஒன்றிய அமைச்சருக்கு நிகரான பதவி. போர்க்காலம். மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேறு, நடைமுறை வேறு. சட்டம் எழுதினால் மட்டும் போதாது, அதை நடத்திக்காட்டும் அமைப்பு வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அமைப்பைத் துண்டு துண்டாகக் கட்டினார்.

முதலில், பேச ஒரு மேடை. 1942 ஆகஸ்டில் டெல்லியில் அரசு, முதலாளி, தொழிலாளி என்ற முத்தரப்பு மாநாடு கூடியது. அதற்கு நிலைக்குழுவும் அமைந்தது. அடுத்து, கணக்கு. எந்தத் தொழிலில் என்ன கூலி, எவ்வளவு நேரம், எப்படிப்பட்ட குடியிருப்பு என்று நேரில் விசாரித்தறிய 1944இல் ரேகே தலைமையில் குழு அமர்த்தப்பட்டது. மூன்றாவது, தகராறு தீர்க்கும் அலுவலகம். 1945 ஏப்ரலில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் அமைப்பு ஏற்பட்டது. நான்காவது, வேலை தேடுபவருக்கு ஒரு கதவு. போர்க்காலத்தில் தோன்றிய வேலைவாய்ப்பு அலுவலகங்கள், படையிலிருந்து திரும்புவோருக்காக 1945இல் விரிவடைந்து, பின்னர் எல்லோருக்கும் திறந்தன. ஐந்தாவது, நோயுற்றால் காப்பு. பேராசிரியர் அதார்கர் 1944இல் அளித்த திட்டமே பின்னாளில் இஎஸ்ஐ ஆனது.

வேலை நேரம் பற்றி மேடைகளில் சற்றுக் கூட்டிச் சொல்கிறோம். பதினான்கு மணி நேரத்தை அவர் எட்டாக்கினார் என்பது சரியல்ல. 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் உச்சவரம்பாக இருந்தது. 1946இல் அவர் கொண்டுவந்த திருத்தம் அதை 48 ஆக்கியது. வாரத்துக்கு ஆறு மணி நேரம் குறைந்தது. ஆறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்ற கணக்கு அதில்தான் வருகிறது. உண்மையே போதுமான பெருமை.

அவருடைய பதவிக்காலத்தில் ஒரு கறையும் உண்டு. நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காட்டி, சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்வதற்கிருந்த தடையை 1943இல் அரசு நீக்கியது. பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. துறைப் பொறுப்பாளர் என்ற முறையில் அம்பேத்கர் அரசின் பக்கம் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தன்பாத் சுரங்கங்களுக்குப் போய்ப் பார்த்தார். 1944 தொடக்கத்தில் நிலக்கரி மீது தீர்வை விதித்துத் தொழிலாளர் நல நிதி ஏற்பட்டது. சுரங்கப் பெண்களின் பேறுகால உதவிச் சட்டம் திருத்தப்பட்டது. 1946 பிப்ரவரியில் தடை திரும்ப வந்தது. நாம் போற்றும் தலைவரின் வரலாற்றில் இதையும் மாணவர்கள் படிக்க வேண்டும்.

1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவை அவர் அறிமுகம் செய்தார். அதே ஆண்டு அவருடைய பதவிக்காலம் முடிந்தது. அடுத்து அமைந்த இடைக்கால அரசில் தொழிலாளர் துறை இன்னொரு தலித் தலைவரான ஜெகஜீவன் ராமிடம் வந்தது. அவர் காலத்தில், 1948இல், குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் இஎஸ்ஐ சட்டமும் நிறைவேறின. வயல் வேலையும் கூலிப் பட்டியலில் இடம் பெற்றது. அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. தொழிலாளர் நலம் ஒன்றியமும் மாநிலமும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலில் வைக்கப்பட்டது. 1956 டிசம்பர் 6 அன்று டெல்லியில் அம்பேத்கர் மறைந்தார்.

அவர் வடிவம் கொடுத்த அந்த அமைப்பு இன்றும் நம் வாசலில் இருக்கிறது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கூலித் தகராறு வந்தால், அது ஒன்றிய அரசின் தொழிலாளர் ஆணையர் எல்லைக்குள் வரும். சிறுசேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் அதே தகராறு வந்தால், மாநிலத் தொழிலாளர் துறையிடம் போக வேண்டும். கட்டட வேலைக்குப் போகிறவருக்கு 1994இல் தமிழக அரசு அமைத்த கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாததாலேயே பலர் மேஸ்திரி கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

இப்போது 29 பழைய சட்டங்களுக்குப் பதிலாக 4 தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. ஆய்வாளர் இனி வழிகாட்டியாகவும் இருப்பார் என்கிறது சட்டம். வழிகாட்டுவது நல்லதுதான். ஆனால் வேலையிடத்துக்குள் முன்னறிவிப்பின்றி நுழைந்து, கூலிப் பதிவேட்டைக் கேட்கும் ஆள் இல்லாமல் போனால், எழுதிய சட்டம் ஏட்டோடு நின்றுவிடும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் கட்டட வேலைக்குப் போகிற அக்கா, அண்ணன் யாருக்கெல்லாம் நலவாரிய அட்டை இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள். இல்லாதவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். பதிவு செய்ய உடன் சென்று உதவுங்கள். அண்ணல் தன் துறையில் தொடங்கிய வேலையும் இப்படி நேரில் விசாரித்துக் கணக்கெடுப்பதுதான்.