நீர்நெறி கண்ட சர் ஆர்தர் காட்டன்

குண்டூர் நாடு உள்ளிட்ட கொல்லிமலை நாடுகளுக்கு வான்மழையே வாழ்வு. அம்மலையில் பெய்யும் மழை ஐயாறாகத் திரண்டு, ஆகாய கங்கையாக வீழ்ந்து, சமவெளியில் இறங்கிக் காவிரிப் படுகையைச் சேர்கிறது. நீரைத் தருவது மலை, பகிர்ந்துகொள்வது சமவெளி. அப்பகிர்வு முறைகெட்டுத் தஞ்சைத் தரணி வாடிய காலத்தில் முறைசெய்ய முற்பட்டவருள் முதன்மையானவர் சர் ஆர்தர் காட்டன் ஆவார்.

இளமையும் வருகையும்

காட்டன் 1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். ஆடிஸ்கோம்ப் இராணுவப் பயிற்சிப் பள்ளியில் பயின்று, சென்னைப் பொறியாளர் படையில் இடம்பெற்று, 1821இல் இந்தியா வந்தார். தென்மாவட்ட ஏரிப் பணிகளில் ஈடுபட்டதும் பாம்பன் நீர்வழியை அளந்ததும் அவருடைய தொடக்கப் பணிகள். ஏரியும் மடையும் கலிங்கும் அவருக்கு ஆசான்களாயின. நூலறிவோடு வந்தவர், உழவனின் அறிவையும் கற்றுக்கொண்டார்.

காவிரிக்கு நேர்ந்த இடர்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளையாகிய கொள்ளிடம் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு செல்லும் வழி. தென்கிளையாகிய காவிரி வயலுக்கு உயிரூட்டும் வழி. கொள்ளிடத்தின் சரிவு மிகுதி; காவிரியின் சரிவு குறைவு. ஆதலின் காவிரியின் படுகையில் மணல் படிந்து மேடிட, நீர் கொள்ளிடத்தையே நாடிற்று. வெள்ளம் வந்தால் அழிவு, வெள்ளம் வடிந்தால் வறட்சி என்னும் இருவகைத் துன்பம் தஞ்சையைச் சூழ்ந்தது. ஆண்டுதோறும் மணலை வாரிய உழைப்பை அடுத்த வெள்ளமே வீணாக்கியது.

காட்டன் கல்லணையை ஆராய்ந்தார். ஆழ்ந்த பாறை இல்லாத மணற்படுகையின்மீது பண்டைத் தமிழர் எழுப்பிய அணை, நூற்றாண்டுகளின் வெள்ளத்தைத் தாங்கி நின்றது அவரை வியப்பில் ஆழ்த்தியது. மணலில் அடித்தளமிடும் நுட்பத்தை அதனிடமே கற்றார். கல்லணையில் மணற்போக்கி மதகுகள் அமைந்தபின், 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும், கடலை நோக்கிய பகுதியில் கீழணையும் எழுந்தன. சிறுநீரோட்டத்தைக் காவிரிக்குத் திருப்பி, பெருவெள்ளத்தைத் தன்மேல் வழியவிட்டுக் கொள்ளிடத்துக்கு அனுப்புவது மேலணையின் பணி. கொள்ளிடத்தில் எஞ்சிய நீரைத் தென்னார்க்காட்டு வயல்களுக்கும் தஞ்சையின் ஒரு பகுதிக்கும் பகிர்வது கீழணையின் பணி.

ஆயினும் ஆறு எளிதில் அடங்கவில்லை. முன்பு குறைந்த நீர் இப்போது மிகுந்து, காவிரியின் படுகை அரிக்கப்பட்டது. அதனைத் தடுக்க 1845இல் காவிரியின் தலைப்பிலும் குறுக்குத் தடுப்பு ஒன்று அமைக்க வேண்டியதாயிற்று. ஒரு கிளைக்குச் செய்யும் நன்மை மறுகிளையை நோக்காது செய்யப்படின் தீமையாகும் என்பதை ஆறே உணர்த்திற்று.

கோப்புகளின் அணை

காட்டன் கடக்க வேண்டியிருந்த பேரணை வேறொன்று. அந்நாளில் சென்னை மாகாணத்தின் பொதுப்பணிகள் இராணுவ வாரியம், வருவாய் வாரியம், சாலைக் கண்காணிப்பாளர் என மூவர் கையில் சிதறிக் கிடந்தன. ஏரியும் வாய்க்காலும் வருவாய் வாரியத்தின்பால் இருந்தன. பெருஞ்செலவுக்கு இலண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களின் இசைவும் வேண்டும். கடிதம் கடல் கடந்து மீள்வதற்குள் உடைப்பெடுத்த கரை ஊரை விழுங்கிவிடும். பொதுப்பணி ஆணைக்குழு இச்சிதறலைக் கண்டித்து, ஒரே துறையின் கீழ்ப் பணிகள் அமைய வேண்டுமெனப் பரிந்துரைத்தது. பின்னர்ப் பொதுப்பணித் துறை உருவாயிற்று. ஒருமை பிறந்தது, ஆனால் ஊரார் கூடிக் கரை காத்த குடிமராமத்து மரபு தளர்ந்ததையும் அக்காலம் கண்டது.

கோதாவரியும் பின்னாளும்

1833ஆம் ஆண்டுப் பஞ்சமும் 1839ஆம் ஆண்டுப் புயலும் கோதாவரிச் சமவெளியைச் சூறையாடின. காட்டன் வழங்கிய திட்டத்தின்படி 1847இல் தொடங்கிய தவளேசுவரம் அணை 1852இல் நிறைவெய்தியது. ஆந்திர மக்கள் இன்றும் அவரைத் தம் குலமுதல்வர்போல் போற்றுகின்றனர். 1861இல் அவர் சர் பட்டம் பெற்றார்.

அவர் குறையற்றவர் அல்லர். இருப்புப்பாதையைவிடக் கால்வாயே நாட்டுக்கு நலம் என வாதிட்டு, 1878இல் நாடாளுமன்றக் குழுவின் கடுமையான வினாக்களை எதிர்கொண்டார். அவர் ஊக்குவித்த துங்கபத்திரைக் கால்வாய் இழப்பில் முடிந்தது. அணைகளால் உழவர் உண்டனர் என்பது மெய். கம்பெனியின் கருவூலம் நிறைந்தது என்பதும் மெய். 1899ஆம் ஆண்டு சூலை 24ஆம் நாள் அவர் மறைந்தார்.

எஞ்சி நிற்பது

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு, முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் வீழ்ந்தன. 182 ஆண்டுகள் நின்ற அணையின் அருகே புதிய கதவணை எழுந்தது. கல் தேயும், கதவு வீழும். வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆற்றின் இரு முகங்கள் என்னும் காட்டனின் தெளிவு தேய்வதற்கில்லை. மலையில் காடு காக்கும் துறையும், சமவெளியில் நீர் பகிரும் துறையும், கரையில் குடியிருப்பை வகுக்கும் துறையும் ஒன்றையொன்று அறியாது இயங்குமாயின், ஆறு தன் கணக்கைத் தானே தீர்த்துக்கொள்ளும். காவிரியைப் பாடும் கவிஞர், அவள் வழியைக் காத்த கைகளையும் நினைத்தல் கடன்.