தி.நகரின் 'தி' யார்? வடசென்னைக்காரர் காலத்தில் போட்ட 50 ஆண்டு சாக்கடைக் கணக்கு!

தி.நகருக்கு ஷாப்பிங் போகாத சென்னைவாசி குறைவு. ஆனா அந்த 'தி' யாருன்னு கேட்டா, பலரும் கொஞ்சம் யோசிப்பாங்க. அவர் தென்சென்னைக்காரரே இல்லை, வண்ணாரப்பேட்டைக்காரர். விம்கோ நகர் போகும் மெட்ரோவில் 'தியாகராயா கல்லூரி'ன்னு ஒரு ஸ்டேஷன் வருமே, அதுவும் அவர் பெயர்தான்.

யார் இவர்?

பிட்டி தியாகராயர், 1852-ல் தேவாங்கர் குடும்பத்தில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. படித்தார். தறிப் பட்டறை நடத்தினார், பள்ளிக்கூடம் தொடங்கினார். 1882-ல் மெட்ராஸ் மாநகராட்சி மன்றத்துக்குள் நுழைந்தவர், சுமார் 40 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார்.

மன்றத்தில் என்ன வேலை?

குடிநீர், சாக்கடை, ரோடு, ஸ்கூல். அன்றைக்கு ஊரின் பெரும்பகுதியில் எடுப்புக் கழிப்பறைதான்; மலத்தை மனிதர்களே அள்ளிச் சுமந்தார்கள். பாதாளச் சாக்கடை போடுவதும் லேசான காரியம் இல்லை. மெட்ராஸ் தட்டையான ஊர், கழிவுநீர் தானாக ஓடாது. குழாயை ஆழமாக இறக்கிக்கொண்டே போய், அங்கங்கே பம்ப் வைத்து மேலே ஏற்றணும். இன்று ஒப்புதல் கொடுத்துச் செலவு செய்தால், முழுப் பலன் அடுத்த தலைமுறைக்குத்தான்.

தியாகராயர் மன்றத்தில் இருந்த அந்தக் காலத்தில்தான், 1910-ல், நகரின் கழிவுநீர் அமைப்பு திட்டமிடப்பட்டது. கணக்கு 1961 வரைக்கும் போடப்பட்டது. அப்போது 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 114 லிட்டர் கழிவுநீர் வரும் என்பது மதிப்பீடு.

தண்ணீரில் வந்த சண்டை

டாக்டர் டி.எம்.நாயரும் அதே மன்றத்தின் உறுப்பினர். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்துக்குத் தண்ணீர் விடும் விவகாரத்தில் இருவருக்கும் மோதல் வந்தது. நாயர் பதவி விலகினார். ஆனா 1916-ல் அதே இருவரும் நடேச முதலியாருடன் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் நீதிக்கட்சி.

1920 தேர்தலில் கட்சி ஜெயித்தது. ஆளுநர் வெலிங்டன் ஆட்சி அமைக்க அழைத்தபோது, தியாகராயர் மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதல்வரானார். மாநகராட்சிக்கோ, அரசு அதிகாரி அல்லாத முதல் தலைவர் தியாகராயர்தான். 1920-ல் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியதும் அவர் தலைமையில்தான். 1925-ல் அவர் காலமானார்.

கணக்கு எங்கே பிசகியது?

1901-ல் நகரின் மக்கள்தொகை சுமார் 5.09 லட்சம், 1911-ல் 5.18 லட்சம். பத்து ஆண்டில் பத்தாயிரம்கூட கூடவில்லை. அப்போது 6.6 லட்சம் என்பது தாராளமான மதிப்பீடாகவே தெரிந்திருக்கும். ஆனா 1961 கணக்கெடுப்பில் வந்தது சுமார் 17.3 லட்சம்! இந்த வேகத்தைப் பார்த்து, 1958-லேயே திட்டத்தை மாற்றி, 1976-க்கு 25.5 லட்சம் பேர் எனப் புதிய இலக்கு வைக்க வேண்டிவந்தது.

இன்னொரு பிரச்னை எல்லைக்கோடு. திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகள் அப்போது நகருக்கு வெளியே இருந்ததால், அந்தக் கணக்கிலேயே வரவில்லை. பின்னாளில் அங்கே தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகின. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011-ல்தான். அந்த 1910 திட்டத்துக்கும் இந்த இணைப்புக்கும் இடையே ஒரு நூற்றாண்டு.

இப்போ இது ஏன் முக்கியம்?

மண்ணுக்குள் போகும் குழாய், அதற்கு ஒப்புதல் தந்த கவுன்சிலர்களைவிட நீண்ட காலம் இருக்கும். கணக்கு தப்பினால் மேன்ஹோல் பொங்கும், கழிவு பக்கிங்ஹாம் கால்வாயில் கலக்கும், அடைப்பெடுக்க ஒரு தொழிலாளியை உள்ளே இறக்கும் கொடுமை வரும். 2013 சட்டம் அதைத் தடை செய்த பிறகும் மரணங்கள் நிற்கவில்லை.

அதனால உங்க ஏரியாவில் பாதாளச் சாக்கடைத் திட்டம்னு செய்தி வந்தா, எத்தனை கோடின்னு மட்டும் பார்க்காதீங்க. எந்த ஆண்டு வரைக்கும், எத்தனை பேருக்கு, எந்தத் தெரு வரைக்கும்? இந்த மூணையும் உங்க கவுன்சிலர்கிட்ட கேளுங்க.